கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்

ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவரிடம் அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. உங்களுக்கே தெரியும், சுவாமி. போன மாதம் கோயில் மணியின் கயிறு உருளையை விட்டு விலகியபோது, ஏணி போட்டு ஏறிச் சரிசெய்துவிட்டுச் சும்மா இறங்கியிருக்கலாம். உருளையின் பள்ளம் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் கயிறு ஏன் அந்தப் பக்கமே சரியும் என்று ஏணியில் நின்றபடியே விளக்க ஆரம்பித்தேன். பூசைக்கு நேரமாகிறது என்று நீங்கள் சொல்லும்வரை நிறுத்தவில்லை. நீங்கள் சிரித்தீர்கள். தாராவியில் எல்லோருமே சிரிப்பார்கள். "தனசீலன் வாரான், நின்னியன்னா வண்டிய விட்டுருவ" என்று ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வார்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் சொல்ல வந்திருப்பது, ஒரு நாள் சொல்லாமல் விட்டதைப் பற்றி.

முதல்முதலாக நற்கருணை வாங்கப்போகிற எங்கள் வீட்டுப் பிள்ளை அன்னமேரி புதுநன்மைக்காக ஞானோபதேசம் படிக்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். பாவம் நினைவால் வரும், வாக்கால் வரும், கிரியையால் வரும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதாலும் வரும் என்று ராகம் போட்டு ஒப்பிப்பாள். நல்ல பகுப்பு அது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய சாமான்களை இப்படித்தான் தனித்தனிப் பெட்டியில் போட்டு வைப்போம். என்னுடையது நான்காவது வகை. அதை முதலிலேயே பிரித்து வைத்துவிட்டால் உங்களுக்கும் சுலபம். வெளியே மழை. பாவசங்கீர்த்தன வரிசையில் யாரும் இல்லை. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

அன்னமேரி நான் பெற்ற பிள்ளை இல்லை. என் மனைவி ஏஞ்சலம்மாளின் தங்கை லூசியம்மாள் பெற்றவள். லூசியின் கணவர் சூசைமாணிக்கம் பிறந்து வளர்ந்தது மணப்பாட்டுக் கரையில். பிழைப்பு கொழும்புத் துறைமுகத்தில், கப்பலிலிருந்து கரைக்குச் சரக்குக் கொண்டுவரும் படகில். ஐம்பத்தெட்டில் அங்கே கலகம் வந்தபோது, வயிற்றில் பிள்ளையோடு இருந்த லூசியை பம்பாய்க்கு அக்காள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பிள்ளை தாராவியில் பிறந்தது. லூசி ஜன்னி கண்டு அந்த வாரமே இறந்துபோனாள். ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தகப்பன். பிறகு சூசைமாணிக்கம் வந்தார். பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்து அழுதார். "படகுல கெடக்கவன் நான். இத எங்க வச்சு வளப்பேன் அண்ணாச்சி? கொஞ்சம் தலையெடுக்கட்டும், வந்து கூட்டிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. தலையெடுப்பது என்றால் எந்த வயதில் என்று நாங்கள் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

அன்னமேரியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் வருமுன் குழாய் இருமும். கேட்டிருப்பீர்கள். ராத்திரி குழாய் காலியாகும்போது உள்ளே காற்று புகுந்துகொள்கிறது, காலையில் வரும் தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது, அதுதான் இருமல். இதைச் சொன்னால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நாலு வயதில் அவள் மட்டும் குடத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "அப்புறம்?" என்று கேட்டாள். காற்று எங்கிருந்து புகுந்தது என்று சொன்னேன். அதற்கும் "அப்புறம்?" என்றாள். சுவாமி, நாற்பது வயதுவரை நான் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று எனக்கு அன்று தெரிந்தது.

அறுபத்தாறு செப்டம்பரில் சூசைமாணிக்கம் வந்தார். கொழும்பில் மறுபடி கல்யாணம் செய்திருந்தார். அந்த அம்மாளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அன்னமேரிக்கு அவள் தன் கையால் தைத்த கவுன்கள் ஒரு பெட்டி நிறைய வந்தன. அளவு தெரியாமல் தைத்தது, எல்லாம் கொஞ்சம் பெரிது. பெற்ற தகப்பன் பிள்ளையைக் கேட்கிறான், நான் என்ன சொல்ல முடியும்? ஏஞ்சலம்மாள் கவுன்களை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். செவ்வாய்க்கிழமை ரயில். நான் சொல்ல வந்தது நடந்தது அதற்கு முந்திய ஞாயிறு.

அவர் கெட்டவர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்கு அவரைப் பிடிக்கும். வாய் நிறையச் சிரிப்பார். தெருவில் இந்தி பேசத் தெரியாமல் கையாலேயே பேசி, கோவண்டியிலிருந்து முட்டை கொண்டுவரும் கிழவரைக்கூட ஒரே வாரத்தில் சிநேகம் பிடித்திருந்தார்.

அன்று பூசை முடிந்து, மாட்டுங்காவில் இலைச் சாப்பாடு வாங்கித் தருவதாக அவரைக் கூட்டிப்போனேன். சாப்பிட்டு வெளியே வந்தபோது நல்ல வெயில். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு சொன்னார்: "வந்து ஒரு வாரமாச்சு அண்ணாச்சி. கடலுக்குப் பக்கத்துல இருக்கீய, கடலக் கண்ணுல காட்டலயே. நடந்துபோயிப் பாத்துட்டு வருவமா?"

கடலுக்குப் போகலாம் என்று சொன்னது அவர். இதை நீங்கள் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடந்தோம். கிங்ஸ் சர்க்கிளில் ட்ராம் நின்றுபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தண்டவாளம் மட்டும் தாருக்குள் பளபளத்துக்கொண்டு கிடந்தது. ட்ராம் தண்டவாளத்துக்கு நடுவே ஏன் பள்ளம் உண்டு, ரயில் தண்டவாளத்துக்கு ஏன் இல்லை என்று சொன்னேன். அங்கிருந்து பேச்சு என் வேலைக்குப் போனது. நான் மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் பிரேக் ஃபிட்டர். ரயில் பெட்டிகளுக்கு அடியில், என்ஜினிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஒரு குழாய் போகும். அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே காற்று இல்லாதவரை பிரேக் விலகி நிற்கும். எங்காவது குழாய் அறுந்தால் காற்று புகுந்து, எல்லாப் பெட்டியிலும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். மனிதன் ஒன்றும் செய்யவேண்டாம். அவன் செய்ய மறந்தாலும் வண்டி நிற்கும். இதைப் போல அழகான ஏற்பாடு வேறு கிடையாது என்று சொன்னேன்.

"ரயிலுக்கு பிரேக் மாட்டுதீய, சரி. ஒங்க வாய்க்கு ஒண்ணு மாட்டக்கூடாதா அண்ணாச்சி?" என்றார்.

"கேக்க ஆள் இருக்கிற வரைக்கும் ஓடட்டும் தம்பி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

வழியில் எங்கள் வீட்டில் நின்றோம். நான் உள்ளே தண்ணீர் குடிக்கப் போனேன். அவர் வாசலில் அன்னமேரியோடு பேசிக்கொண்டிருந்தார். மரக்கட்டையில் சுற்றிய தூண்டில் கயிறு ஒன்று எப்போதும் அவர் பெட்டியில் இருக்கும். அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்னமேரி தானும் வருவதாகச் சொன்னாள். "வெயிலு, வேண்டாம்" என்றேன். வெயிலுக்காகத்தான் சொன்னேன். அப்போது என் மனதில் வேறு எதுவும் இல்லை.

இனிமேல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். நீங்களும் தெற்குக் கரைக்காரர். அதனால் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் ஊர்க் கடலில் ஏற்றமும் வற்றமும் உண்டு, ஆனால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. வற்றத்தில் கரையில் வைத்த செருப்பு ஏற்றத்தில் நனையும், அவ்வளவுதான். முழங்கால் அளவு ஏறினால் பெரிது. கொழும்பிலும் அப்படியே. பம்பாயில் கடல் வேறு மாதிரி. இங்கே கரை உள்ளே வளைந்து, வடக்கே போகப்போக ஒடுங்குகிறது. வாய் அகன்ற புனலில் தண்ணீரை ஊற்றினால் குறுகிய இடத்தில் உயரும் அல்லவா, அது போல. நல்ல ஏற்றத்தில் இரண்டு ஆள் உயரம் ஏறும். தாராவிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் வாசலில் ஓடும் சாக்கடையை நாலா என்போம். அது மாஹிம் கழிமுகத்தில் போய்ச் சேருகிறது. கடல் ஏறினால் நாலா ஏறும், கடல் வற்றினால் நாலா வற்றும். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தண்ணீர் ஒரே சீராக ஏறுவதும் இல்லை. வற்றி முடிந்து திரும்பும்போது, முதல் ஒரு மணி நேரம் ஏறுவதே தெரியாது. உட்கார்ந்து பார்க்கிறவன், இது ஏறாத கடல் என்று முடிவுகட்டிவிடுவான். நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில்தான் ஓட்டம். ஏறவேண்டியதில் பாதி அதற்குள் ஏறிவிடும். பௌர்ணமிக்கு நாலு நாள் முன்பு வற்றம் மூன்று மணிவாக்கில் இருக்கும். ஓட்டம் பொழுது சாயும்போது வரும். அந்த ஞாயிறு அப்படிப்பட்ட நாள்.

மாஹிம் பாலத்தில் நடந்துகொண்டிருந்தோம். அவர் என் தோளில் கை போட்டிருந்தார். "பிள்ள ஒங்கள மாதிரியேதான் பேசுதா. எதுக்கெடுத்தாலும் ஏன், எப்பிடின்னு. வீட்டுக்காரிக்குப் பைத்தியம் பிடிக்கப்போவுது" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்க வருத்தப்படாதீய அண்ணாச்சி. சின்னப் பிள்ளைக சீக்கிரம் மறந்துரும். ரெண்டு மாசம். அங்க போயி பழகிட்டான்னா எல்லாத்தையும் மறந்துருவா" என்றார்.

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாலத்துக்குக் கீழே கழிமுகம் வற்றிக் கிடந்தது. கருஞ்சேற்றில் மீன்படகுகள் ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தன. அவர் நின்று எட்டிப் பார்த்தார். "ஏன் அண்ணாச்சி, இத்தன படகையும் மேல ஏத்திப் போட்டு வச்சிருக்கானுவ? ரிப்பேராக்கும். சேத்துக்குள்ள போயி ஏத்தி வச்சிருக்கானே, கோட்டிக்காரன்" என்றார்.

யாரும் அந்தப் படகுகளை ஏற்றிவைக்கவில்லை. தண்ணீர்தான் அவற்றை விட்டுவிட்டுப் போயிருந்தது. நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு எல்லாம் தயாராக இருந்தது, புனல், பௌர்ணமி, நாலா எல்லாமே. வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவை, சுவாமி. அது எவ்வளவு சுலபம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் மேலும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் படகுகளைப் பார்த்து இன்னொரு முறை சிரித்துவிட்டு நடந்தார்.

பாந்த்ராவில் மாதா கோயில் குன்றுக்குக் கீழே கடற்கரை மணல் இல்லை, கரும்பாறை. வற்றத்தில் அது பெரிய களம் போல் விரிந்து கிடக்கும். பார்க்கிறவனுக்கு அது எப்போதும் இருக்கிற நிலம் மாதிரித் தோன்றும். அதன் அமைப்பைக் கவனித்தால்தான் தெரியும். கடலைப் பார்த்த ஓரம் மேடு, கரைப் பக்கம் பள்ளம். நடுவில் வாய்க்கால் மாதிரி வெட்டு. அதனால் தண்ணீர் ஏறும்போது முன்னாலிருந்து வராது. சுற்றிக்கொண்டு பின்னால் வந்து வெட்டை நிரப்பும். கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய் வெளி ஓரத்து மேட்டில் ஏறி நின்றார். பிள்ளை மாதிரி சந்தோஷம். தூரத்தில் கோளி மீனவப் பெண்கள் குனிந்து பாறையில் சிப்பி கொத்திக்கொண்டிருந்தார்கள். "நல்ல எடம் அண்ணாச்சி. இருட்டுமுன்ன நாலு மீனு பிடிச்சிருவேன். பிள்ளைக்கு என் கையால ஆக்கிப் போடணும்" என்றார். பாறையில் உட்கார்ந்து தூண்டிலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அவர் கடலோரத்தில் பிறந்தவர். நான் உள்நாட்டுக்காரன், வடக்கன்குளம். அதற்காக எத்தனையோ தடவை என்னைக் கேலி செய்திருக்கிறார். "கெணத்துல குளிச்சவிய நீங்க, ஒங்களுக்குக் கடலு என்ன தெரியும்?" என்பார். அப்படிப்பட்டவரிடம் போய்க் கடலைப் பற்றி நான் என்ன விளக்குவது? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "நான் மேல மாதா கோயிலுக்குப் போயி ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வாரேன் தம்பி" என்றேன். "எனக்கும் சேத்து ஒண்ணு ஏத்துங்க" என்றார்.

ஏற்றினேன். இரண்டு ஏற்றினேன்.

கோயில் வாசலில் மெழுகில் கை, கால், வீடு, பிள்ளை என்று வார்த்து விற்பார்கள். கால் நோவு உள்ளவன் கால் வாங்கி மாதாவிடம் வைப்பான், வீடு வேண்டுகிறவன் வீடு வைப்பான். அந்தப் பொம்மைகள் உள்ளே கூடு. அது எப்படி என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அன்று கடைக்காரரிடம் கேட்டேன். இரண்டு பாதி அச்சைச் சேர்த்துக் கட்டி உருகின மெழுகை ஊற்றுவார்களாம். ஓரத்தில் படிந்தது இறுகினதும், நடுவில் இறுகாததைத் திரும்பக் கவிழ்த்து ஊற்றிவிடுவார்களாம். மனிதர் நன்றாக விளக்கினார். நான் அவரிடம் நிறையக் கேள்வி கேட்டேன். எப்போதும் சொல்கிறவனாக இருந்தவன் அன்று கேட்கிறவனாக இருந்தேன். நேரம் போனதே தெரியவில்லை என்று சொல்லமாட்டேன். தெரிந்தது. கவுன் போட்ட பெண்பிள்ளைப் பொம்மை ஒன்று வாங்கி மாதாவின் காலடியில் வைத்துவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பாறை நன்றாகத் தெரியும்.

வெட்டு நிரம்பத் தொடங்கியிருந்தது. கோளிப் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி திரும்பி நின்று அவரைப் பார்த்துச் சத்தம்போட்டாள். கையை வீசி வீசிக் கூப்பிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். என்ன பிடித்தாய் என்று கேட்கிறாள் என நினைத்திருக்க வேண்டும். பிடித்த மீனைத் தூக்கிக் காட்டினார். பெரிய மீன்தான், படிக்கட்டிலிருந்தே தெரிந்தது.

அவர் எப்போது திரும்பிப் பார்த்தார் என்பதையும் நான் பார்த்தேன். எழுந்து நின்றார். இந்தப் பக்கம் கொஞ்ச தூரம் வந்தார், நின்றார். அந்தப் பக்கம் போனார், நின்றார். பிறகு குன்றைப் பார்த்து நின்றார். சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே வீசினார். வெயில் சாய்ந்துவிட்டது. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் நிழல். அவருக்கு என்னைத் தெரிந்திருக்காது.

மழைக்காலத்து அலை இன்னும் ஓயாத சமயம். பாறை முழுக்கக் கத்தி முனை போல் சிப்பி ஓடு ஒட்டியிருக்கும். வெட்டில் ஓடும் தண்ணீர் மனிதனை அதன்மேல் இழுத்துப் போடும். அவர் நன்றாக நீந்தத் தெரிந்தவர். அதனால்தான் அவ்வளவு நேரமாயிற்று.

பிறகு நான் செய்யவேண்டியதெல்லாம் செய்தேன். ஓடி இறங்கினேன், கூவினேன், ஆட்களைக் கூட்டினேன், படகு கொண்டுவரச் சொன்னேன். உடம்பு இரண்டு நாள் கழித்து மாஹிம் பக்கம் ஒதுங்கியது. போலீஸ்காரர் வெளியூர் ஆள், கடல் தெரியாதவர் என்று எழுதிக்கொண்டார். அதை மட்டும் நான் திருத்தினேன். கடல் தெரிந்தவர் என்றேன். கொழும்புக்குத் தந்தி கொடுத்தேன். அந்த அம்மாளிடமிருந்து பதில் ஒன்றும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ரயில் போன பிறகு ஏஞ்சலம்மாள் பெட்டியைத் திறந்தாள். பெரிய கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்துச் சுருக்கித் தைக்க உட்கார்ந்தாள். அதன் பிறகு நான் எதை விளக்கினாலும் அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறாள். கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இதுதான் நான்காவது வகை, சுவாமி. நான் அவரைத் தொடவில்லை. கூட்டிப்போகவும் இல்லை, கூடப் போனேன். செய்யவேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டேன். இதை இரண்டு வருஷமாகச் சுமக்கிறேன். நாளை மறுநாள் அன்னமேரி புதுநன்மை வாங்கும்போது பக்கத்தில் முழங்கால் போட்டு நானும் நன்மை வாங்கவேண்டும். அதற்காக இன்று வந்தேன் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் போன ஞாயிறு ஒன்று நடந்தது.

பாந்த்ரா மாதாவுக்கு அவளைக் கூட்டிப்போனேன். வரும்போது கீழே பாறையோரம் நின்றாள். கடல் வற்றியிருந்தது. "இதுதானாப்பா அந்த எடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தண்ணீர் எப்படி வரும் என்று கேட்டாள். சொன்னேன். மேடு, பள்ளம், வெட்டு, முதல் மணியில் தெரியாது, அப்புறம் ஓட்டம். ஒன்று விடாமல் சொன்னேன். அவளுக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பாறையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அன்னைக்கு நீங்க தண்ணி குடிக்க உள்ள போனீங்கள்ல. அப்போ நான் கொழும்பப்பாகிட்ட சொன்னேன். நாலா வத்திக் கெடக்கு, சாயங்காலம் ஏறும், கடலும் ஏறும்னு. அவிய சிரிச்சாவ. 'கடலு எம்புட்டு ஏறும்னு ஒங்கப்பாகிட்ட கேட்டுக்கிடுதேன், அவருக்குத் தெரியாதது உண்டா'ன்னாவ. கேட்டாவளாப்பா?"

"கேக்கல" என்றேன்.

"அப்புறம்?" என்றாள்.

நேரமாகிறது, போகலாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நேற்று ராத்திரி அவளும் ஏஞ்சலம்மாளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பாவங்களை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாயில் படுத்திருந்தேன். பொய் சொன்னது, சர்க்கரை எடுத்துத் தின்றது. கடைசியாக அவள் சொன்னாள்: கொழும்பப்பாவிடம் அன்று இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கவேண்டும், சொல்லாமல் விட்டுவிட்டேன், அதனால்தான் செத்துப்போனார், இது நான்காவது வகைதானே அம்மா என்று. ஏஞ்சலம்மாள் இருட்டில் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நாளை காலை அவள் இதே பலகையில் முழங்கால் போட்டு அதை உங்களிடம் சொல்லுவாள். அது அவளுடையது இல்லை, சுவாமி. அதை நீங்கள் அவளுக்கு விளக்கவேண்டும். விளக்குவதற்கு உங்களுக்கு முழுதும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது வகை என்னுடையதும் இல்லை. வகையைத் தப்பாகப் பிரித்துவிட்டேன். எனக்குப் பிரிக்கத் தெரியாமல் இல்லை. வேண்டுமென்றே பிரித்தேன்.

பாறையில் உட்கார்ந்து தூண்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தவர், நான் கிளம்பும்போது நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, "பிள்ள என்னமோ சொன்னா அண்ணாச்சி. இங்க தண்ணி எம்புட்டு ஏறும்?" என்று கேட்டார்.

"நம்ம ஊரு மாதிரித்தான் தம்பி" என்று சொன்னேன். "காலு நனையும். அவ்வளவுதான்."